பிந்தி விழுகிற நாலாம் அடி

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த வீடியோவில், பாட்டின் நடுவே மேடையேறி, டிரம்ஸ் வாசிக்கிற பையனைக் கையமர்த்துகிறாளே ஒரு வயசான அம்மா, அது என் அத்தைதான். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து அவள் படியேறுவதைப் பார்த்த பிறகுமா உங்களுக்குச் சந்தேகம்? துபாயில் இருக்கிறவன், "யார்றா இந்த ஆயா, கச்சேரிய கெடுக்குது" என்று எழுதியிருக்கிறான். சின்ன வயசில் அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை எங்கள் வீட்டில் வந்து எத்தனை தடவை வழித்துச் சாப்பிட்டிருப்பான்! நன்றிகெட்டவன். ஐஸ் கடைக்காரனுக்கு வேறு கவலை. "வீடியோ பாதில ஸ்டக் ஆவுது, நல்லதா அனுப்பு" என்கிறான்.

ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மொத்தமாக ஒரே தடவை எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள். நமக்கெல்லாம் அந்த வயசு வந்து ரொம்ப நாளாகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குயிலாப்பாளையத்தில் டிரம்ஸ் அண்ணனுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. மரக்காணத்திலிருந்து அத்தையும் நானும் பஸ் பிடித்துப் போனோம். அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லோர் பனியனிலும் அண்ணன் முகம். நம் பிள்ளைகளைவிடச் சின்னதுகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றன. மேடையில் அவருடைய டிரம்ஸ் செட்டை அப்படியே வைத்து, அவர் உட்காரும் ஸ்டூலுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். அண்ணனின் பேண்டு பாட்டுகளில் எல்லாம் வருமே, மூன்று அடி சரியாக விழுந்து நாலாவது அடி மட்டும் கொஞ்சம் பிந்தி விழும், அதைப் பற்றித்தான் பேச்சு. தாடி வைத்த ஒரு தம்பி, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாளம் என்று நிரூபித்தே விட்டான். ஒரு பெண், அது கரையில் உடையும் அலையின் கணக்கு என்றாள். ரெக்கார்டிங் அன்று அண்ணன் தூங்கி வழிந்ததில் வந்த தவறு, பிறகு அதையே ஸ்டைலாக்கிவிட்டார் என்று இன்னொருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில், ஆரம்பத்திலிருந்து அவரோடு வாசித்த நரைத்தலை கிட்டார்காரர் எழுந்தார்.

"நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம்ங்க. எப்ப கேட்டாலும் ஒரே பதில்தான். எங்க ஊர்ல அப்படித்தான் அடிப்போம்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாரு."

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

நாம் நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷத்துத் தை மாசத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஈசிஆர் ரோடு அப்போது கிடையாது. பொங்கல் முடிந்து, உப்பளப் பாத்திகளில் தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே விட்டதும், சேற்றிலிருந்து அழுகின முட்டை வாடை கிளம்பும். நம் வீடுகளில் சோற்றில்கூட அது இருக்கும். யாருக்கும் அது நாற்றமாகத் தெரிந்ததில்லை. உப்பு வேலை ஆரம்பித்துவிட்டது என்று மட்டும் தெரியும்.

அண்ணனின் வீடு மாதா கோயிலை ஒட்டி இருந்தது. அவருடைய அம்மாதான் கோயிலைப் பெருக்குவது. திருவிழாத் தேர் ஊர்வலத்தில் போகும் பேண்டு செட்டில் அண்ணன் சின்ன டிரம் அடிப்பார். மழைக்காலத்தில் உப்பு வேலை இல்லாதபோது குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டும் இடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போவார். அந்த வருஷம் அங்கே யாரோ டேப் ரிக்கார்டரில் பாட்டு போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் ஆளே மாறிப்போயிருந்தார்.

"டேய், அந்தப் பாட்டுல ஒருத்தன் கையால அடிக்கறான், காலாலயும் அடிக்கறான். நாலு பேரு பாக்கற வேலய ஒருத்தனே குந்திக்கினு பாக்கறாம்பா!"

அவ்வளவுதான், நமக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பேண்டு செட்டில் ஒதுக்கிப் போட்ட ஆட்டுத்தோல் டிரம் ஒன்று. மண்ணெண்ணெய் டின் ஒன்று. கல்யாணச் சமையல் அண்டாவின் மூடி ஒன்று, அதைச் சவுக்குக் கம்பில் தொங்கவிட்டார். காலால் அடிப்பதற்கு, பழைய கதவின் கீலைப் பிடுங்கி ஒரு மிதிகட்டை செய்தார். டின்னில் போய் மோதுகிற முனைக்கு ரப்பர் வேண்டுமென்றார். ஐஸ் கடைக்காரன் யோசிக்காமல் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டில் உதையும் வாங்கினான். மிச்ச வருஷம் முழுக்க ஒற்றைச் செருப்போடு திரிந்தான். இன்றைக்கு யூடியூபில் லட்சக்கணக்கான பேர் கேட்கிற அண்ணனுக்கு முதல் ரசிகர் மன்றம் நாம்தான். இதை அந்தத் தாடிக்காரத் தம்பியிடம் சொல்லாமல் வந்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

உப்புக் கொட்டகைக்குப் பின்னால் அவர் வாசிப்பார். டின் அதிரும்போது கொட்டகைக்குள் குவித்திருந்த பழைய உப்பு மெல்லச் சரியும். சர்ரென்று ஒரு சத்தம், அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். அந்த உப்புச் சரிகிற சத்தத்துக்கு நிகராக ஒன்றைக் கேட்டதில்லை. பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எழவு வூட்டு சத்தம். வெளங்காத பய."

இனி அத்தைக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போனவர்களுக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தியை மிதிக்க வேண்டும். தரை இறுகினால்தான் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று, ஒரே நேரத்தில் கால் தூக்கி, ஒரே நேரத்தில் வைத்து, பாத்தியின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை போவார்கள். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாத்தியை யார் மிதித்தார்களோ அவர்களுக்குத்தான் மழை வரும்வரை அந்தப் பாத்தியில் உப்பு வாருகிற வேலை. மிதியில் இடம் இல்லையென்றால் அந்த வருஷம் முழுக்க வேலை இல்லை.

அத்தைக்கு அப்போது இருபதுக்கு மேல் இருக்கும். குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. பழைய மேஸ்திரி கண்டுகொள்ளாமல் வரிசையின் ஓரத்தில் நிற்க விடுவார். அந்த வருஷம் புது மேஸ்திரி வந்தான். அதே நேரத்தில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்டாட்டி செத்தவர், நிலபுலம் உண்டு, குழந்தைகளும் உண்டு. அத்தைக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்பா கெட்டவரில்லை. தங்கச்சியைப் பற்றிய பயம் அவருக்கு.

"உனக்குன்னு வேல இருந்தா நான் ஒண்ணும் சொல்லல. அதுவும் இல்லன்னா, எனக்கப்புறம் உன்ன யாரு பாப்பா? அவருக்கு சரின்னு சொல்லிடுறேன்" என்றார்.

மிதி ஆரம்பித்த அன்று அண்ணனை டிரம்மோடு வரப்பில் உட்காரச் சொன்னான் மேஸ்திரி. சத்தம் இருந்தால் ஜனங்கள் உட்காராமல் வேலை செய்வார்கள் என்று அவன் கணக்கு. வலது, இடது, வலது என்று அத்தை எப்படியோ எட்டிப் பிடித்துவிடுவாள். அடுத்த இடது வரும்போது கால் சேற்றிலிருந்து வரமாட்டேன் என்னும். எல்லோர் காலும் விழுந்த பிறகு அவள் கால் தனியாக விழும்.

மேஸ்திரி பார்த்துவிட்டான். "இந்தாம்மா, ஒருத்தர் காலு பிந்துனா அந்த எடம் எளகிடும். தண்ணி நிக்காது. நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். ஒத்து வரலன்னா நீ வூட்டுக்குப் போயிடு."

அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். நாமெல்லாம் வரப்பில் ஆடிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஆரம்பித்தார். டம், டம், டம். அப்புறம் ஒன்றுமில்லை. தூக்கின காலோடு வரிசை மொத்தமும் ஒற்றைக் காலில் நின்றது. அப்புறம், டம்.

"இன்னாடா, தூங்கிட்டியா?" என்று வரிசையில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முகத்தைத் தூக்கவில்லை. திரும்பவும் அப்படியே அடித்தார். மூன்று அடி, ஒரு சின்ன நிறுத்தம், நாலாவது அடி. வெயில் ஏறுவதற்குள் வரிசைக்கு அது பழகிவிட்டது, பிடித்தும் போனது. நிறுத்தத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள முடிந்ததே! மேஸ்திரி சாயங்காலம் பாத்தியில் இறங்கிக் குதிகாலால் குத்திக் குத்திப் பார்த்தான். எங்கேயும் இளகவில்லை. அத்தை வரிசையில் இருக்கிறாளா என்று பார்க்கவே மறந்துவிட்டான்.

அது அவளுக்காக வைத்த நிறுத்தம் என்று நமக்குத் தெரியாது. புது ஸ்டைல் என்று நினைத்து, பள்ளிக்கூடத்து பெஞ்சில் அதையே அடித்து அடித்து வாத்தியாரிடம் பிரம்படி வாங்கினோம்.

கடல் காற்றுக்கு ஆட்டுத்தோல் தாங்காது. காலையில் கணீரென்று இருக்கும் டிரம், மத்தியானம் நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடும். அண்ணன் சுள்ளி எரித்துச் சூடு காட்டிக் காட்டி ஓட்டினார். ஒரு நாள் அது கிழிந்தே போயிற்று. மறுநாள் பார்த்தால் டிரம்மில் கறுப்பாக, வழவழவென்று என்னவோ இழுத்துக் கட்டியிருந்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், உப்பளத்தின் அந்தக் கோடி வரைக்கும் சுள்ளென்று போய் அடித்தது. நாம் டிரம்மைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படம்.

"யாரோட எலும்புண்ணே?" என்று நீங்கள்தான் யாரோ கேட்டீர்கள்.

"ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட்டோட எலும்பு" என்றார் அண்ணன்.

அப்பாவும் அந்த வரிசையில்தான் மிதித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தவர் டிரம்மைப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அது அவர் பீடி. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்தையைத் தோளில் சுமந்து போய், ஆபரேஷன் செய்ய முடியாது என்று அவர்கள் சொல்லக் கேட்டுவிட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி பிடித்தபோது விழுந்த ஓட்டை.

மிதிக்கிற ஜனங்களுக்குக் காலடியே முகம். பக்கத்தில் நடப்பவர் யார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அப்பா அந்த எலும்பைப் பார்த்ததும், இத்தனை நாள் காலால் மிதித்துக்கொண்டிருந்த தாளத்தை முதல் தடவையாகக் காதால் கேட்டார். மூன்று அடி நேராக, நாலாவது பிந்தி. அது அவர் தங்கச்சியின் நடை.

"என் தங்கச்சி காலு உனக்கு வெளயாட்டா போச்சாடா? அவ எலும்பு மேலயே அவ நொண்டறத அடிச்சுக் காட்டறியா? நான் தோள்ல தூக்கினு போய் எடுத்த படம்டா அது! எங்கடா திருடுன?"

அண்ணன் எழுந்து நின்றார். ஒரு தடவை வரிசையைப் பார்த்தார். அத்தை கணுக்கால் சேற்றில், தலை குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். படம் எப்படி வந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

அப்பா மண்வெட்டியை எடுத்து டிரம்மின் மேல் போட்டார். படம் நடுவாகப் பிளந்தது. டின், அண்டா மூடி, ஐஸ் கடைக்காரனின் செருப்பு எல்லாம் சேற்றில் கிடந்தன. நாம் அழுதோம். பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை. திருடன், கிண்டல்காரன், இவனுக்கு இது வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தார்கள்.

மறுநாள் டிரம் இல்லை. மேஸ்திரி கையைத் தட்டி ஆரம்பித்தான். தட், தட், தட், தட் என்று நேராகத் தட்டினான். வரிசை கால் தூக்கியது, வைத்தது, தூக்கியது. நாலாவது தட்டு தனியாகப் போய் விழுந்தது. ஒருத்தர் காலும் கீழே வரவில்லை. தூக்கின காலோடு எல்லோரும் நின்றார்கள். அத்தையின் கால் இறங்கிற்று, மற்ற எல்லாக் காலும் கூடவே இறங்கின. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை, உடம்புக்கு அப்படிப் பழகியிருந்தது. மேஸ்திரி எரிச்சலோடு இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டான்.

அப்பா அத்தைக்கு அடுத்தாற்போல் நின்றிருந்தார். அந்தரத்தில் நின்ற தன் காலை அவர் குனிந்து பார்த்ததை நான் வரப்பிலிருந்து பார்த்தேன். அப்புறம் தங்கச்சியின் காலைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அப்படி இருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு புது ஆட்டுத்தோலை வாங்கிப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு மாதா கோயில் வீட்டுக்குப் போனார். என்னையும் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அண்ணனின் அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அவன் காலையிலயே பாண்டி பஸ்ஸு ஏறிட்டாம்பா. அடிக்கறதுக்கு அங்க எடம் இருக்குதாம்."

அந்தத் தோல் எங்கள் பரணிலேயே கிடந்து எலி தின்றது. திண்டிவனத்துக்காரருக்கு அப்பாவே நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை அந்த வருஷம் அந்தப் பாத்தியில் உப்பு வாரினாள். அதற்கடுத்த வருஷங்களிலும் வாரினாள். அந்த வருமானத்தில் தனக்கென்று ஓட்டு வீடு கட்டிக்கொண்டாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை.

அண்ணனின் கதை உங்களுக்கே தெரியும். பேண்டு, கேசட், வெளிநாடு, டிவி. மரக்காணத்து டீக்கடையில் முதல் தடவை அந்தப் பாட்டு ஓடியபோது அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். டீ ஆறிப்போயிற்று. பின்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணன் ஊருக்கு வந்தபோது இரண்டு பேரும் அதே கடையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி மட்டும்தான். அத்தை அந்தப் பக்கமாகப் போனாள். "நல்லா இருக்கியா?" என்று அண்ணன் கேட்டார். "இருக்கேன்" என்றாள். நீங்கள் எதையாவது கற்பனை செய்துகொள்வீர்கள் என்று தெரியும். அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது மேடைக்கு வாருங்கள். பேச்செல்லாம் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. அண்ணனிடம் படித்த பையன், மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பயபக்தியோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். நன்றாகத்தான் வாசித்தான். எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அத்தை டீ டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"அவசரப்படறான்" என்றாள்.

நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். வீடியோவில் அவள் பேசினது சரியாகக் கேட்கவில்லை என்கிறீர்கள். நான் பின்னாலேயே ஓடினேன், எனக்குக் கேட்டது.

"தம்பி, நீ சீக்கிரம் அடிச்சிடற. நான் இன்னும் காலே வெக்கல."

பையன் விழித்தான். கிட்டார்காரர் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "நீங்க யாரும்மா?"

அத்தை பக்கத்திலிருந்த மைக்கைப் பார்த்தாள். என் அப்பா இப்போது உயிரோடு இல்லை, மேஸ்திரி இல்லை, அன்றைக்கு வரப்பில் நின்று பேசினவர்களில் பாதிப் பேர் இல்லை. இருந்தாலும் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"அவரோட மொத டிரம்முக்கு என் கால் எக்ஸ்ரேவ குடுத்தவ. அவரு திருடல. நான்தான் குடுத்தேன்."

எனக்கும் அப்போதுதான் தெரியும். கல்யாணமாகாத ஒரு பெண், வேறு மதத்துப் பையனுக்குத் தன் படத்தைக் கையில் கொடுத்தாள் என்றால், அன்றைக்கு ஊர் அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அது தெரிந்துதான் அண்ணன் திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். எங்கே கேட்டாலும், யார் கேட்டாலும், எங்க ஊர்ல அப்படித்தான் அடிப்போம் என்று மழுப்பியிருக்கிறார். அவர் கையை நான் ஒரு தடவையாவது கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

"நான் நடக்கறேன். நீ என் காலப் பாத்து அடி" என்றாள் அத்தை பையனிடம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேடையின் ஒரு கோடியிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். வலது, இடது, வலது. பையன் கண்ணை எடுக்காமல் அடித்தான். டம், டம், டம்.

ஐஸ் கடைக்காரா, நீ சொல்கிற இடம் இதுதான். அங்கே வீடியோ மாட்டிக்கொள்ளவில்லை. போனைத் தட்டாதே. அத்தை காலைத் தூக்கியிருக்கிறாள், கூட்டம் மொத்தமும் அசையாமல் நிற்கிறது. கொஞ்சம் பொறு, இதோ வைத்துவிடுவாள்.